ஓதற்பிரிவும் நான்கு தட்டு அடுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு வெளியீட்டின் கடிதப் பகுதியில் இரு வாரங்களுக்கு முன் ஒரு வாசகர், பட்டப்பின் படிப்புக்காக வெளிநாடு சென்ற நம் பிள்ளைகள் அனுப்பும் கவிதைகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை என்றும், பனி, முற்றத்து மாமரம், அம்மாவின் கைச்சோறு ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆச்சரியக்குறிகள் மட்டுமே என்றும், படிக்கப் போனவர்கள் படிப்பைப் பார்ப்பதே நல்லது என்றும் எழுதியிருந்தார். முதல் இரண்டையும் நான் மறுக்கவில்லை. அந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன்; சான்றையும் கீழே தருகிறேன். ஆனால் மூன்றாவது தீர்ப்பை அப்படியே விட்டுவிட மனம் இடம் தரவில்லை.

நான் நீர்வழங்கல் துறையில் வேலை பார்ப்பவள். 2022 செப்டெம்பரில் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்காக இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகருக்குப் போனேன். இலங்கையின் பொருளாதாரம் சரிந்த அந்த ஆண்டை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வருடத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பவுணும் அதனோடு சேர்ந்து ஏறியது. நான் சேர்வதற்கு ஒப்புக்கொண்டபோது அப்பா ஒரு கொப்பியில் எழுதிவைத்த கட்டணத் தொகையை மூன்று தடவை வெட்டி எழுதினார். நான்காம் தடவை வெட்டாமல் கொப்பியை மூடிவைத்தார். விசா விண்ணப்பத்துக்கு, தேவையான பணம் தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் குறையாமல் கிடக்க வேண்டும் என்பது விதி. கிடந்தது அப்பாவின் ஓய்வுகாலப் பணிக்கொடை. சமையல் எரிவாயு இல்லாமல் எங்கள் தொடர்மாடியில் வீட்டுக்கு வீடு பல்கனியில் மண்ணெண்ணெய் அடுப்பு புகைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்த 28 நாட்களில் 17ஆம் நாளோ 18ஆம் நாளோ, அடுத்த வீட்டு அக்கா தம் கணவரின் மருந்துக்காகக் கைமாற்றுக் கேட்டு வந்தார். கணக்கில் அத்தனை பணம் இருக்க, "இப்ப கையில ஒண்டும் இல்லை அக்கா" என்று அம்மா சொன்னார். அது பொய்யுமில்லை. அக்கா கதவடியில் சிறிது நேரம் நின்று, எரிவாயு லொறி வந்ததா என்று பேச்சை மாற்றிவிட்டுப் போனார்.

வெளிநாட்டு மாணவர் எழுதிய கவிதைகள் என்று நான் வாசித்தவற்றில் இந்த 28 நாட்கள் எங்குமே வரவில்லை. என்னுடையவற்றிலும் வரவில்லை. வாசகர் அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இவர்கள் ஏன் கவிதை எழுதுகிறார்கள் என்பதல்ல. தாங்கள் வாழ்ந்ததை விட்டுவிட்டு ஏன் வேறொன்றை எழுதுகிறார்கள் என்பதே.

இது தமிழுக்குப் புதிய பொருளும் அல்ல. "ஓதல் பகையே தூதிவை பிரிவே" என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் பிரிவின் வகைகளை எண்ணும்போது, போருக்கும் தூதுக்கும் முன்னால் படிப்பைத்தான் வைக்கிறது. கற்பியலில் அதற்குக் காலவரையறையும் உண்டு: "வேண்டிய கல்வி யாண்டுமூன் றிறவாது". மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது இலக்கணம். பிரித்தானியாவில் முழுநேரக் கலாநிதி ஆய்வுக்கு இன்றைக்கும் வழமையாக மூன்று, மிஞ்சினால் நான்கு ஆண்டுகள்தாம் தருகிறார்கள். ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கே உரியன என்று அதே நூல் வேலி போட்டதையும் மறைக்க வேண்டியதில்லை; அந்த வேலியைத் தாண்டுவதற்கு நம் சமூகத்துக்கு எத்தனை நூற்றாண்டு பிடித்தது என்பது வேறு கதை. "முந்நீர் வழக்கம் மகடூஉவோ டில்லை", அதாவது கடல்கடந்து போகையில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கமில்லை, என்றும் ஒரு நூற்பா இருக்கிறது. நான் போன விமானத்தில் என் வரிசையில் இருந்த மூவரும் பெண்கள். மூவரும் படிக்கப் போனவர்கள். வழியனுப்பிவிட்டுக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நின்றவர்களே ஆண்கள். ஆயினும் 2024 ஜனவரியிலிருந்து, ஆய்வுப் படிப்பல்லாத முதுமாணி மாணவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துவர முடியாது என்று பிரித்தானியா விதி செய்திருக்கிறது. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா அந்தச் செய்தியை வாசித்துவிட்டு, அவர்களுடைய உள்துறை அமைச்சில் யாரோ தொல்காப்பியம் படிக்கிறார்கள் என்றார்.

இலக்கணம் இவ்வளவு சொல்லியும், பொருள் தேடிப் போனவனைப் பற்றிய பாடல்கள் பிரிவைப் பாடும் பாலைத் திணையில் மலிந்து கிடக்க, ஓதப் போனவனைப் பற்றிய பாடல்கள் அருகியே காணப்படுகின்றன. போனவன் வரும் வழியில் உள்ள சுரமும் ஓமை மரமும் நமக்குத் தெரியும். அவன் போன இடத்தில் எங்கே தங்கினான், யாருடைய அடுப்பில் சமைத்தான் என்று எவரும் பாடி நான் கேட்டதில்லை.

அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர்மிங்ஹாமின் செலி ஓக் பகுதியில், சிவப்புச் செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஒரு தெருவில், எட்டுப் பேர் ஒரு சமையலறையைப் பங்கிட்டுக்கொண்ட வீட்டில் இருந்தேன். நைஜீரியா, சீனா, கேரளம், பாகிஸ்தான் என்று ஆளுக்கொரு திசை. போன இரண்டாம் மாதத்தில், அப்பா சிறுவயதில் விரலை மடக்கிக் காட்டிக் கற்பித்த யாப்பை நம்பி, ஒரு குறள் வெண்பா எழுதி அவருக்குக் கைத்தொலைபேசியில் அனுப்பினேன்:

எட்டடுப்பில் எட்டுமணம், என்சட்டி மட்டுமே
கட்டியழும் ஊரின் கறி.

சீர்களைத் தளை என்னும் ஓசைக்கட்டால் இணைக்கும் வெண்பா விதிப்படி, காய் முன் நேர் வந்திருக்கிறது, விளம் முன் நேர் வந்திருக்கிறது, ஈற்றுச்சீர் மலரில் முடிந்திருக்கிறது; பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். மறுநாள் காலையில் ஒரு வரி வந்தது: "தளை தட்டவில்லை. ஆனால் கறி எப்படியம்மா கட்டியழும்?" அதற்குக் கீழே இன்னொரு வரி: "அடுப்பு உண்மையில் எத்தனை?"

அடுப்பு ஒன்றுதான். நான்கு தட்டுக் கொண்ட மின்னடுப்பு. அதிலும் ஒரு தட்டு சூடேறாது. எதுகைக்காகவும் மோனைக்காகவும் அதை எட்டாக்கினேன். கறியும் அழவில்லை. அன்றைக்கு நடந்தது இதுதான்: கத்தரிக்காய்க் கறிக்குக் கடுகும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தபோது கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறி, எட்டுப் பேரும் நவம்பர்க் குளிரில் இரவு உடையோடு தெருவில் போய் நின்றோம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சீனப் பெண் தன் மடிக்கணினியைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு வந்திருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் கோபிக்கவில்லை; அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. அதன்பிறகு மூன்று கிழமை தாளிக்காமலே சமைத்தேன். ஊரைப் பிரிந்தேன் என்பது எனக்கு உறைத்தது விமானத்தில் அல்ல, தாளிதம் இல்லாத அந்தப் பருப்பில். இத்தனையும் கையில் இருக்க, நான் எழுதியது கட்டியழும் கறியை. அச்சில் வார்த்தவை என்று வாசகர் சொன்னது இதைத்தான் என்றால், அவர் சொன்னது சரி.

பேர்மிங்ஹாமைச் சொல்லும்போது கைலாசபதியைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கைத் தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்து பின் விரிவுரையாளரான திறனாய்வாளர் க. கைலாசபதி, 1960களில் இந்நகரின் பல்கலைக்கழகத்தில்தான் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். சங்க வீரப்பாடல்களை ஹோமரின் காவியங்களோடும் அயர்லாந்து, வேல்ஸ் பழம்பாடல்களோடும் வைத்து ஒப்பிட்ட அந்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. அவருக்குப் பின் கா. சிவத்தம்பியும் அதே பல்கலைக்கழகத்தில், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்தார். தொம்சன் வெறும் ஏட்டுப் பண்டிதர் அல்லர். அயர்லாந்தின் மேற்கே பிளாஸ்கெற் தீவுக்குப் போய் மீனவரோடு இருந்து அவர்களுடைய மொழியைப் பேசப் பழகி, பாட்டு என்பது படித்தவர் எழுதுவது மட்டுமல்ல, படியாதவர் பேச்சில் இருந்தே எழுவது என்பதைக் காதால் கேட்டறிந்தவர். சங்கப் பாடலை வாய்மொழி மரபோடு சேர்த்துப் பார்க்க வந்த ஒரு யாழ்ப்பாணத்து வழிவந்த மாணவருக்கு அவரைவிடப் பொருத்தமான மேற்பார்வையாளர் கிடைத்திருப்பாரா என்பது ஐயமே. பொறியியல் மாணவியாகிய நான் அந்த நூலை எடுத்து, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும், மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும் ஒரு யன்னல் அருகே இருந்து வாசித்தேன். ஆய்வு நூலில் ஆய்வாளரின் குளிர்காலம் தெரிவதில்லை, தெரியவும் கூடாது. அதை எழுதிவைக்கக் கவிதையைத் தவிர வேறு இடமில்லை.

மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. நான் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாரத்துக்கு இரண்டு இரவுகள், தலா 10 மணித்தியாலம் வேலை செய்தேன். அங்கே பஞ்சாபிலிருந்து இளவயதில் வந்து அந்நகரிலேயே முதிர்ந்த ஒரு மூதாட்டி இருந்தார். மறதி நோயில் ஆங்கிலம் முழுவதும் அவரைவிட்டுப் போய்விட்டது. பஞ்சாபி மட்டும் எஞ்சியிருந்தது. நடுச்சாமத்தில் எழுந்திருந்து ஏதோ பாடுவார். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவர் நிறுத்தியதும் என் முறை என்பதுபோல் பார்ப்பார். தெரிந்ததைத்தானே சொல்லலாம், சின்ன வகுப்பில் மனனம் செய்த ஔவையின் வெண்பாக்களைச் சொல்வேன். அவர் கட்டிலின் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டு கேட்பார். சில இரவுகளில் திருப்தியோடு படுத்துவிடுவார். சில இரவுகளில் தண்ணீர்க் குவளையைத் தள்ளிவிடுவார். இதற்கு மேல் அதில் நான் அர்த்தம் தேடவில்லை. ஆனால், படிக்கப் போன இடத்தில் கவிதைக்கு நேரமேது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஓராண்டில் நான் வாய்விட்டுச் சொன்ன தமிழில் பெரும்பகுதி, சம்பளத்துக்குச் செய்த வேலையின் நடுவே சொன்ன வெண்பாக்கள்தாம்.

இனிப் படிப்புக்கு வருகிறேன். என் ஆய்வேட்டின் வரம்பு 15,000 சொற்கள். நேரிசை வெண்பாவின் வரம்பு 15 சீர்கள். இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு முன்பே இடம் முடிந்துவிடுகிறது. என் மேற்பார்வையாளர் வரைவில் சிவப்புக் கோடு போட்ட இடங்களுக்கும், அப்பா ஒரு காலத்தில் என் செய்யுட் கொப்பியில் கோடு போட்ட இடங்களுக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை: அலங்காரம், கூறியது கூறல், சான்று இல்லாத உறுதி. இவ்விருவரும் ஒருவரையொருவர் சந்தித்திருந்தால் நன்றாக ஒத்துப்போயிருப்பார்கள்.

நான் ஆராய்ந்தது, நிலத்தடிக் குழாய்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகிப்போகும் நீரைக் கண்டுபிடிக்கும் முறை. ஒரு பகுதிக்குப் போகும் நீரை அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் அளப்பார்கள். அந்நேரம் எவரும் குளிப்பதில்லை, சமைப்பதில்லை. குழாய்கள் எல்லாம் பூட்டியிருக்கும். அப்படியிருந்தும் மானியில் நீர் ஓடினால், அதில் பெரும்பங்கு ஒழுக்கு. பழைய ஆட்கள் ஒரு கோலின் ஒரு முனையைக் குழாயின் வால்வில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, ஒழுக்கின் ஓசையை அந்தச் சாமத்தில்தான் கேட்பார்கள். பகலில் வாகன இரைச்சல் அதை விழுங்கிவிடும். பராமரிப்பு இல்லத்தில் நான் விழித்திருந்ததும் அதே 2 மணி முதல் 4 மணி வரைதான். கொழும்பில் அப்போது காலை. வீட்டில் தேநீர் போடும் நேரம். ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, கைத்தொலைபேசியில் இதை எழுதினேன்:

ஊரடங்கும் நேரத்தும் ஓடுகின்ற நீரொன்றே
ஆரறியாக் கீறல் அளவு.

நான் இதை அப்பாவுக்கு அனுப்பியபோது குழாயைப் பற்றியே எண்ணியிருந்தேன். என்னைப் பற்றியும் கொஞ்சம். அப்பா இம்முறை கோடு போடவில்லை. "ஊரடங்கும் நேரம்" என்பதை அவர் ஊரடங்குச் சட்டம் என்று வாசித்திருந்தார். 1983 ஜூலை இனக்கலவரத்தின்போது கொழும்பில் ஊரடங்கு போட்டிருந்த ஓர் இரவில், மூடாத ஒரு தெருக்குழாயின் ஓசையை விடியும்வரை கேட்டுக்கொண்டு படுத்திருந்ததாக எழுதினார். அதை மூடுவதற்கு வெளியே போக முடியாது. முப்பத்தொன்பது ஆண்டுகளாக அதை எங்களிடம் சொன்னதில்லை. என் பாடப்புத்தகத்தின் ஓர் அளவீட்டு முறை அதை அவர் வாயிலிருந்து வரவழைத்தது. பனியையும் மாமரத்தையும் பற்றி நான் நூறு பாட்டு அனுப்பியிருந்தாலும் அது வந்திராது என்றே நினைக்கிறேன்.

ஈழத்துக் கவிஞர்களான மஹாகவியும் நீலாவணனும் முருகையனும் செய்யுளை மேடையிலிருந்து இறக்கி அன்றாடப் பேச்சின் ஓசைக்கு அருகே கொண்டுவந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. லிமரிக் என்ற ஆங்கிலச் சிறுபாட்டின் அமைப்பை எடுத்துக் குறும்பா என்று தமிழாக்கி அதில் ஊர்வம்பை எல்லாம் அடக்கிக் காட்டினார் மஹாகவி. விஞ்ஞானப் பட்டதாரியான முருகையனுக்கு அறிவியலைச் செய்யுளில் சிந்திப்பது கூச்சமாக இருந்ததில்லை. அப்படியிருக்க, ஆய்வுகூடத்திலும் புள்ளிவிபரத்திலும் நாள் முழுவதும் கிடக்கும் மாணவர், கவிதை எழுத அமர்ந்ததும் தாம் அறிந்த அத்தனையையும் வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வருகிறார்கள்.

இதில் பத்திரிகைகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் பங்கில்லை என்று சொல்ல முடியாது. என்னோடு படித்த தோழி ஒருத்தி, வதிவிட அனுமதி முடியும் திகதியை எண்ணிக்கொண்டிருப்பது பற்றி ஒரு நல்ல கவிதை எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினாள். அச்சில் வந்தபோது "விசா" என்பது "நுழைவிசைவு" ஆகியிருந்தது, "ஓவர்டிராஃப்ட்" இருந்த வரி காணாமற்போயிருந்தது, அவள் எழுதாத "தாயகமே!" ஒன்று கடைசியில் முளைத்திருந்தது. தூய தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் "விசா" என்ற இரண்டெழுத்துக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருந்தவளுக்கு, "நுழைவிசைவு" என்ற சொல்லைக் கண்டு ஒரு நிமிடத் தூக்கம்கூடக் கெடாது. அவள் அதன்பிறகு எங்கும் அனுப்பவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் கவிதைப் பக்கத்துக்கு வெளிநாட்டு மாணவரிடமிருந்து வருவனவற்றுள், பனியும் மாமரமும் உள்ளவற்றைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள், என் அப்பா கேட்டதுபோல் "அடுப்பு எத்தனை?" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது. வாடகை, மேற்பார்வையாளர், இரவு வேலை, வங்கிக் கணக்கு என்பன வரும் கவிதைகளில் அந்தச் சொற்களை மாற்றாமல் போடுங்கள். பௌர்ணமி தினங்களில் கவியரங்கு நடத்திவரும் வலம்புரி கவிதா வட்டத்தாரும், 1942 முதல் இயங்கும் எங்கள் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தாரும், தொலைவில் படிக்கும் பிள்ளைகள் இணையவழி கலந்துகொண்டு தம் கவிதையைத் தாமே வாசிக்கவும், சபையில் இருக்கும் மூத்தவர்கள் தாட்சணியம் பாராமல் குறைசொல்லவும் ஓர் அரைமணி நேரம் ஒதுக்கலாம். இங்கே மாலை 5 மணி என்றால் இங்கிலாந்தில் ஏறத்தாழ நண்பகல். இரவு வேலை செய்தவர்களும் எழுந்திருப்பார்கள்.

அந்த 28 நாட்களைப் பற்றிய கவிதையை நானும் மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்; முடியவில்லை. முடிந்தால் தங்களுக்கே அனுப்புவேன். ஆனால் அடுத்த வீட்டு அக்கா தங்கள் பத்திரிகையை ஞாயிறு தவறாமல் வாங்குபவர். ஆதலால் அதை அவரிடம் முதலில் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இங்ஙனம்,
வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.